பேரலல் போன்

மோடத்தின் மூன்றாவது பச்சை விளக்கு இரண்டு முறை துடித்துவிட்டு அணைந்தது. திரையில் ஏறிக்கொண்டிருந்த படங்கள் அப்படியே நின்றன. பிரதீபாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பயம் பிறகுதான் வந்தது.

திருவிடந்தையில் மதியத்திலிருந்தே மழை பிடித்துக்கொண்டிருந்தது. சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல் இரையும் சத்தமும், ஜன்னல் மேல் சொட்டும் நீரும், அத்தையின் அறையில் எரியும் நல்லெண்ணெய் விளக்கின் வாடையும் இருட்டத் தொடங்கிய ஹாலில் ஒன்றாகத் தேங்கிக் கிடந்தன. நாளை அத்தை சகுந்தலாவின் காரியம். கணவன் ஷ்யாம் சாமான் வாங்கச் செங்கல்பட்டுக்குப் போயிருந்தான். அவன் தம்பி பிரவின்குமாருக்கு அமெரிக்காவிலிருந்து கிளம்ப முடியாமல் விசா சிக்கல். அம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல் இங்கே எப்படி அண்ணி பிண்டம் வைப்பேன் என்று அழுதிருந்தான். இறுதிச் சடங்கில் எடுத்த படங்களை விடிவதற்குள் இணைய ஆல்பத்தில் ஏற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

மாலைகள் ஏறின. வாசலில் நின்ற கூட்டம் ஏறியது. அத்தையின் முகம் வரும்போது மட்டும் லைன் அறுந்தது. ஒவ்வொரு முறையும் அங்கேதான்.

மோடத்தை அணைத்துப் போட்டாள். வயர்களைப் பிடுங்கிச் செருகினாள். ஒன்றும் ஆகாமல், லைன்மேன் செங்கல்வராயனைச் செல்போனில் பிடித்தாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மோடம் நல்லாத்தான் கீதும்மா. பேரலல் போனை எடுத்தாத்தான் இப்டி கட்டாவும். உள்ளார யாரு எடுத்துகினு கீறாங்க?"

"யாரும் இல்லண்ணா. நான் மட்டும்தான்."

"போய் ஒரு தபா பாத்துடும்மா."

அவள் செல்போனை வைத்தாள். அதே லைனில் இழுத்த அந்த இரண்டாவது போன் அத்தையின் கட்டிலருகே இருந்தது. பக்கவாதத்தில் பேச்சு போய், இடது கை மட்டும் நடுங்கி நடுங்கி அசைந்த அத்தை, தண்ணீர் வேண்டுமென்றால் ரிசீவரைத் தூக்குவாள். ஹாலில் நெட் அறும். இதோ வரேன் அத்தை என்று பிரதீபா எழுந்து போவாள். போனையும் நெட்டையும் பிரிக்கிற சின்ன ஸ்ப்ளிட்டர் ஒன்று மாட்டினால் சரியாகிவிடும் என்று செங்கல்வராயன் சொன்னபோது ஷ்யாம்தான் வேண்டாம் என்றான். அம்மாவுக்கு அதுதானே காலிங் பெல்.

அந்தக் கடைசி நாளில் ஆபீஸ் ஃபைல்கள் போய்க்கொண்டிருந்தன. திரும்பத் திரும்ப அறுந்தது. கோபத்தில் அவள் அத்தை போனின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டாள். கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தாள். ஃபைல்களெல்லாம் தடையில்லாமல் போயின. உள்ளே போய்ப் பார்த்தபோது டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. ரிசீவர் அத்தையின் விரல்களுக்குள் இறுகியிருந்தது. அதைப் பிரித்தெடுத்து வைத்துவிட்டு, தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்றுதான் ஷ்யாமிடம் சொன்னாள்.

வயரை அவள் திரும்பச் செருகவே இல்லை. போனிலிருந்தும் கழற்றிச் சுருட்டி, இந்தக் கம்ப்யூட்டர் மேஜையின் டிராயரில் போட்டிருந்தாள். இழுத்துப் பார்த்தாள். இருந்தது.

எழுந்து அத்தையின் அறைக்குப் போனாள். விளக்கு அசையாமல் எரிந்தது. விரிப்பு எடுத்த கட்டிலின் நடுவில் ரிசீவர் மல்லாந்து கிடந்தது.

எடுத்து வைத்தாள். வந்துபோன உறவுக்காரக் குழந்தைகள் விளையாடியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஹாலுக்கு வந்து மறுபடி ஏற்றினாள்.

மாலைகள். கூட்டம். பச்சை விளக்கு அணைந்தது.

இந்த முறை அவள் யோசிக்கவில்லை. ஓடிப்போய்ப் போனை அப்படியே தூக்கிவந்து கம்ப்யூட்டர் மேஜையில் வைத்தாள். வயர் இல்லாத வெறும் போன். ரிசீவரின் மேல் உள்ளங்கையை வைத்து, தன் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினாள். பிரவின் பார்க்க வேண்டும். ஒரே ஒரு படம். அது போனால் போதும்.

இன்னொரு கையால் மவுஸை அழுத்தினாள்.

மாலைகள் ஏறின.

கூட்டம் ஏறியது.

அத்தையின் முகம் பாதிவரை வந்தது. நெற்றி. மூடிய கண்கள்.

பச்சை விளக்கு துடித்தது.

"இதோ வரேன் அத்தை," என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

அவள் உள்ளங்கைக்கு அடியில், நடுங்கி நடுங்கி, ரிசீவர் மேலே எழும்பியது.