கட்டைவிரல் நின்ற இடம்

மெஷினை இன்னும் ஓட்டவே ஆரம்பிக்கவில்லை. அதன் வயர் சுவரில் செருகப்படாமல் தரையில் கிடந்தது. ஆனாலும் பெரியவளுக்குப் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது.

முதலில் சமையலறைக்குப் போனாள். அடுப்பு அணைந்திருந்தது. இஸ்திரிப் பெட்டி அலமாரியில் தன் வயரைத் தானே சுற்றிக்கொண்டு சில்லென்று இருந்தது. ஒவ்வொரு சுவிட்ச் பலகையின் மேலும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள். வெளியே மழைக்கு முந்திய மண்ணின் வாசனை மட்டும். தலையை உள்ளே இழுத்ததும் மறுபடியும் அது. லேசாக, கொஞ்சம் இனிப்பாக, தொண்டையின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி.

சின்னவளிடம் கேட்டாள், ஏதாவது வாசனை வருகிறதா என்று.

"மூக்கு இருக்கறதே தெரியலக்கா," என்றாள் சின்னவள். அவளுக்கு ஜலதோஷம். மூடிய அறைக்குள்ளிருந்து பேசுவது போலக் குரல் எங்கிருந்தோ வந்தது.

அக்காவும் தங்கையும் ஒரே வாடகை வீட்டில் ஒரே வேலையைச் செய்தார்கள். இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்தது போலக் கணினியில் படமாக்கித் தருவது. பெரியவள்தான் முதலில் தொடங்கினாள். அவள் படத்தில் ஒரு கோடு பிசகாது. சின்னவள் பிறகு வந்து சேர்ந்தாள். வந்த கொஞ்ச காலத்தில் ஒரு வீட்டின் படத்தில் வாசல் மிதியடிக்குப் பக்கத்தில் ஒரு செருப்பைக் கவிழ்த்துப் போட்டாள். மேசையில் பாதி குடித்த தண்ணீர் டம்ளர். அவ்வளவுதான். ஆர்க்கிடெக்ட் போனில் நெடுநேரம் பேசினார். யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளே போனது போல இருக்கிறது என்றாராம். அடுத்த வேலைக்குப் பெரியவளைக் கூப்பிட்டார். தங்கச்சி ஃப்ரீயாக இருக்கிறாளா என்று கேட்டார்.

அதன்பின் பெரியவளும் ஒரு படத்தில் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். அது கவிழ்த்து வைத்த செருப்பாகவே இருந்தது.

இப்போது சின்னவளுக்கு ஒரு முழு ஓட்டல் கிடைத்திருந்தது. அதற்காகத்தான் இந்தப் புதுக் கம்ப்யூட்டர் மெஷின். உள்ளே போடுகிற கிராபிக்ஸ் கார்டு செங்கல்லை விட நீளம். கடைக்காரர் அதற்குரிய பவர் கேபிளைத் தனியாக எடுத்துக் காட்டினார். கார்டுக்கு வேண்டிய மின்சாரம் அத்தனையும் கேபிள் முனையில் இருக்கிற இந்தக் குட்டிக் கனெக்டர் வழியாகத்தான் போகிறது, நகக்கண் அளவு இடைவெளி விட்டாலும் சூடேறும், சூடேறினால் உருகும் என்றார்.

"டக்குனு ஒரு சத்தம் கேக்கணும்மா. அது கேக்கற வரைக்கும் கைய எடுக்காதீங்க."

மெஷினைப் பாகம் பாகமாகப் பூட்டியது பெரியவள். அந்தப் பொறுமை அவளுக்குத்தான் உண்டு. சின்னவள் பக்கத்தில் நின்று போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். பிடித்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டல் வரவேற்பறையில் படங்களை மாட்டப் போகிறார்களாம். படத்துக்குக் கீழே அவள் பேரைப் போடப் போகிறார்களாம். பெரியவள் கேபிளைக் கையில் எடுத்தாள். சின்னவள் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா, காதுல புகை வருது?"

சிரித்துக்கொண்டே அக்காவின் வலது காதைத் திருகிவிட்டுப் போனாள்.

கனெக்டர் பெரியவளின் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. முக்கால்வாசி உள்ளே போயிருந்தது. இன்னும் ஒரு அழுத்து. விரல் நின்றது. தான் நிறுத்தியதாக அவளுக்குத் தோன்றவில்லை. நின்றது, அவ்வளவுதான். கேபிளை ஓரமாக மடக்கினாள். மெஷின் பெட்டியின் பக்கக் கண்ணாடியை மூடித் திருகுகளை இறுக்கினாள்.

சத்தம் கேட்கவில்லை. அது நேற்று.

இன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. சின்னவள் மெஷினை ஓடவிட்டாள். விடிவதற்குள் எல்லாப் படங்களும் வெந்து இறங்கிவிடும் என்று சமையல் போலச் சொன்னாள். பிறகு ஜலதோஷ மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மெத்தையை இழுத்து மெஷினுக்குப் பக்கத்திலேயே விரித்துப் படுத்தாள். அதிலிருந்து வரும் சூட்டுக் காற்று இதமாக இருக்கிறதாம். கதவைச் சாத்திவிடச் சொன்னாள்.

பெரியவள் கூடத்தில் உட்கார்ந்தாள். கதவுக்கு அப்பால் மெஷினின் காற்றாடிகள் முதலில் மெல்லவும் பிறகு ஒரே சீராகவும் இரைந்தன. மழைநீர் குழாய் வழியே இறங்கி எங்கோ தகரத்தில் விழுந்தது. இரண்டு சத்தத்துக்கும் நடுவில், சத்தமே இல்லாமல், அந்த வாசனை கதவின் அடியிலிருந்து வருவது போலவும் சோபாவின் துணியிலிருந்து வருவது போலவும் தடித்துக்கொண்டே போனது. அவள் வயிறு எரிந்தது. மதியம் சரியாகச் சாப்பிடாததால் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நிமிட வேலை. மெஷினை அணைத்து, கண்ணாடியைக் கழற்றி, அழுத்திவிடலாம்.

கார்டுதான் போகும், என்று நினைத்தாள். கார்டு மட்டும். படங்கள் நேரத்துக்குப் போய்ச் சேராது. ஆர்க்கிடெக்ட் தன்னைத்தான் கூப்பிடுவார். பிறகு மெத்தையை நினைத்தாள். மெஷினுக்கு மேலே தொங்கும் திரைச்சீலையை. மாத்திரையை. அடைத்த மூக்கை. எல்லாவற்றையும் நினைத்தாள். நினைத்த பிறகும் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா போன் செய்தாள். சின்னவளின் ஜலதோஷம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தூங்குகிறாள் என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அங்கிருந்தே எழுப்பிவிடுவாள் போல.

"தூங்கட்டும், எழுப்பாத. ராப்பகலா உழைக்கறா. நீ என்ன பண்ற?"

"சும்மாதாம்மா இருக்கேன்."

போனை வைத்தபோது கூடம் இருட்டியிருந்தது. விளக்கைப் போடவில்லை. வாசனை இப்போது நாக்கில் இருந்தது. எச்சில் விழுங்கினால் உள்ளே இறங்கியது. கதவுக்கு அப்பால் சின்னவள் ஒருமுறை இருமினாள். பிறகு இருமல் வரவில்லை. பெரியவள் காத்திருந்தாள். வரவில்லை.

எழுந்து கதவைத் திறந்தாள்.

அறையில் மானிட்டர் வெளிச்சம் மட்டும். ஓட்டலின் வரவேற்பறை திரையில் கட்டம் கட்டமாகத் தெளிந்துகொண்டிருந்தது. சின்னவள் மெத்தையில் மல்லாந்து வாயால் மூச்சு விட்டாள். பெரியவள் முட்டி போட்டு உட்கார்ந்து திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்து வைத்தாள். புகை இல்லை. விரலை நீட்டினாள். கனெக்டரில் பேருக்குத்தான் வெதுவெதுப்பு இருந்தது. நகத்தை வைத்து இடைவெளியைத் தேடினாள். நகம் எங்கும் நுழையவில்லை.

"அதையா தேடற?"

சின்னவள் கண்ணைத் திறக்காமல் பேசினாள். மாத்திரை அவள் சொற்களை இழுத்தது.

"காலையிலயே நான் அழுத்திட்டேன்க்கா. கொஞ்சம் வெளிய நின்னுச்சு. டக்குனு உக்காந்துருச்சு." மூச்சு வாங்கினாள். "சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சொல்லல."

அவள் மறுபடி தூங்கிப்போனாள்.

பெரியவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சின்னவளுக்குத் தெரியுமா, தெரியாதா? குரலில் எதுவும் இல்லை. கோபம்கூட இல்லை. பெருந்தன்மை. இதிலும் அவள்தான் முந்தினாள். இதற்கும் அவள் பேரைப் போடலாம்.

வாசனை சட்டென்று ஏறியது.

மெஷினில் இல்லை. மோந்து பார்த்தாள். கார்டில் புதுப் பொருளின் வாசனை. கூடத்துக்குப் போனாள். அங்கேயும் அதே அளவு. சமையலறையில் அதே அளவு. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். அதே அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எங்கே போனாலும் அது அவளுக்கு முன்பே அங்கே இருந்தது.

குழாயைத் திறந்து முகம் கழுவினாள். கை கழுவினாள். தண்ணீர் கட்டைவிரலில் பட்டதும் சுர்ரென்று ஒரு சத்தம். சூட்டுக் கல்லில் துளி விழுந்தது போல.

விரலை விளக்கின் அருகே கொண்டுபோனாள்.

நுனியில் புள்ளிகள். இரண்டு வரிசை. சிறிய சதுரக் குழிகள், பழுப்பு ஓரங்களோடு. கனெக்டரின் வாயில் இருப்பவை போல. வலிக்கவில்லை. அழுத்தினாள். சதை அமுங்கியது. அமுங்கியபடியே இருந்தது.

அறைக்கு ஓடினாள். கண்ணாடியை மாட்டிவிட வேண்டும். எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிட வேண்டும். கண்ணாடியைத் தூக்கிப் பொருத்தினாள். கறுப்புக் கண்ணாடி. அதில் அவள் முகம் தெரிந்தது.

வலது காதிலிருந்து ஒரு நூல்.

சாம்பல் நிறம். மெலிசு. நேராக மேலே போனது. கொஞ்ச தூரம் போய் வளைந்தது.

பின்னால் சின்னவள் புரண்டாள். பாதிக் கண் திறந்து அக்காவைப் பார்த்தாள்.

"காதுல புகை வருதுக்கா," என்றாள்.

சிரிக்கவில்லை. கண் மூடிக்கொண்டது.

பெரியவள் கட்டைவிரலால் காதை அடைத்தாள். காது இளகியிருந்தது. விரல் உள்ளே இறங்கியது. சூடு. முக்கால்வாசி. புகை இன்னும் விரலைச் சுற்றிக் கசிந்தது. இன்னும் ஒரு அழுத்து.

இந்த முறை விரல் நிற்கவில்லை.

டக்.

தலைக்குள்ளேதான் கேட்டது. விரலை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். பூட்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் இடது காதிலிருந்து நூல் கிளம்பியது. இது தடிமன். மேலே போகவில்லை. தோளில் வழிந்து தரையில் இறங்கி மெத்தையின் விளிம்பில் ஏறியது. அவள் எழப் பார்த்தாள். கால் வரவில்லை. கூப்பிடப் பார்த்தாள். வாயிலும் புகைதான் இருந்தது.

மூக்கடைத்த சின்னவள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் நூல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.