மூத்தவள் வந்துகொண்டிருக்கிறார்

காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசைமேல் கிடந்த போன், யாரும் தொடாமலே வாய் திறந்தது.

"மூத்தவள் வந்துகொண்டிருக்கிறார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர்."

செய்தி வாசிக்கும் பெண்ணுடையதைப் போன்ற சுத்தமான, ஈரமில்லாத குரல். சர்வேயர் கையிலிருந்த டீயை மேசைமேல் வைத்தார். சிந்தவில்லை. முப்பத்தாறு வருஷம் நிலம் அளந்த கை அது. ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் தெருவில் அவருக்கு அந்த வேலைதான் பெயர். சமையலறையில் குழாய் திறந்திருந்தது. பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் சட்டென்று நின்றது.

"யாருங்க பேசறது?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

"விளம்பரம். போன் கத்துது."

குழாய் மறுபடி ஓடியது. அவர் போனைக் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

மூத்தவள் செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

மனிதர்களைப் பெயர் போட்டு போனில் பதிந்து வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. மனைவி, இளையவள், சம்பந்தி, வக்கீல் என்று உறவும் தொழிலும்தான் இருக்கும். ஆறு வருஷமாகப் பேச்சே இல்லாமல் இருந்தபோதும், செத்த பிறகும், 'மூத்தவள்' அந்த வரிசையில் தன் இடத்திலேயே இருந்தாள். அழித்தால் அது ஒரு செயலாகிவிடும். அவளுக்காக ஒரு செயல் செய்வதில்லை என்பதுதானே அவர் எடுத்த முடிவு.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனைத் துருவினார். இரவில் அது தானாகவே அப்டேட் ஆகியிருந்தது. புதிதாக 'வருகை அறிவிப்பு' என்று ஒன்று முளைத்திருந்தது. வந்த செய்திகளையும் குரல் பதிவுகளையும் போனே படித்து, யாராவது வருவதாகச் சொல்லியிருந்தால் அறிவிக்குமாம். பட்டியலில் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. நான்கு வினாடி. அவர் அதைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் இல்லை. காற்றின் இரைச்சல், எங்கோ ஒரு லாரியின் ஹாரன், அதற்கு நடுவே, "வரேன்ப்பா."

அவருக்கு மூச்சு சீரானது. அட, இவ்வளவுதானா! கிளம்பும்போதும் 'வரேன்' என்றுதான் நம் ஜனங்கள் சொல்வார்கள் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? பந்தியிலிருந்து எழுந்து போகிறவனும், போனை வைக்கிறவனும் 'வரேன்' என்பான். இதற்கு அது வருவதாகத் தோன்றியிருக்கிறது. மொழி தெரியாத மெஷின் செய்த பிழை.

ஆனால் மூத்தவள் விஷயத்தில் அந்தச் சமாதானம் நிற்காது என்பது அவருக்கே தெரியும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு, பெட்டி எடுத்துப்போக வந்திருந்தாள். கேட்டருகே நின்று, "வரேன்ப்பா" என்றாள். தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்திருந்தன. அவர் குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தியதில்லை. "வரேன்னு சொல்லாத. வர்றவங்க சொல்ற வார்த்தை அது. போறேன்னு சொல்லிட்டுப் போ" என்றார். அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, "போறேன்" என்றாள்.

அப்படிப் போனவள் ஆறு வருஷம் கழித்து 'வரேன்' என்றால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான்.

அந்தக் குரல் பதிவு வந்த அன்றே, மாலை ஐந்தேகாலுக்குக் கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு அவளுடைய ஸ்கூட்டர் தண்ணீரில் விழுந்தது. பிறகொரு நாள் சர்வேயர் யாரிடமும் சொல்லாமல் அங்கே போய் நின்றார். வீட்டு வாசலிலிருந்து அந்த இடம் சரியாக நாற்பத்திரண்டு கிலோமீட்டர். மனைவியிடம் மட்டும், "அந்தப் பக்கமா எங்கியோ போயிட்டிருந்தாளாம்" என்று சொல்லிவைத்தார். அதிலிருந்து அவள் வாரத்துக்கு ஒருமுறையாவது துணி மடிக்கும்போதோ விளக்கணைக்கும்போதோ சொல்வாள்: "கடைசி வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கலையே, பாவி." அவர் திருத்த மாட்டார். பெற்றவள் அப்படி நினைத்துக்கொண்டே இருக்கட்டும். மூத்தவள் இங்கேதான் வந்துகொண்டிருந்தாள் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி அவரிடம்தான் வரும்.

அந்த அறிவிப்பை நிறுத்திப் பார்த்தார். அணைந்தது. குளித்துவிட்டு வந்தால் மறுபடி எரிந்துகொண்டிருந்தது. போனையே அணைத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தார். நண்பகலில், இஸ்திரி போட்ட சட்டைகளின் அடியிலிருந்து, போர்வைக்குள் பேசுகிறவள் போல அது மெல்லச் சொன்னது.

"இருபத்தேழு கிலோமீட்டர்."

தொழில் புத்தி அவரைக் கேட்காமலே கணக்குப் போட்டது. நாலு மணி நேரத்தில் பதினைந்து கிலோமீட்டர். இது வண்டியின் வேகமில்லை.

நடக்கிற வேகம்.

கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் பெண் இருந்தாள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, வாயில் ஸ்குரூ டிரைவரைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவள். மூன்று மணிக்கு அவர் போய் நின்றபோது போன் பதினாறு என்று சொல்லி முடித்திருந்தது.

"இந்த அப்டேட்டை எடுத்துடும்மா."

"ஏன் ஐயா? இது இன்னும் எங்க போனுக்கு வரலையேன்னு ஊரே அழுதுட்டிருக்கு."

"எனக்கு வேண்டாம்."

"ஏறினது ஏறினதுதான் ஐயா, இறக்கறதுக்குள்ள உயிர் போயிடும். பழைய பதிப்பைக் கம்ப்யூட்டர்ல இருந்து கேபிள் வழியா ஏத்தணும். நடுவுல கேபிள் அசைஞ்சா போன் செங்கல்தான். காத்துல கதவு அடிக்காம முட்டுக் குடுக்கலாம்."

"செய்."

"உள்ள இருக்கிறது அத்தனையும் போயிடும். போட்டோ, மெசேஜ், குரல் பதிவு. முக்கியமானது ஏதாவது இருந்தா எடுத்துத் தனியா வெக்கட்டுமா?"

நான்கு வினாடி. உலகத்தில் அவள் குரல் இருந்த ஒரே இடம். கடையின் மின்விசிறி கடகடத்தது. பற்றவைத்த ஈயத்தின் புகை அவர் தொண்டையில் கசந்தது.

"ஒண்ணும் வேண்டாம். சுத்தமா துடைச்சிடு."

"எதைக் கேட்டாலும் வேண்டாம்ங்கறீங்க. வீட்டுல பாவம், எப்படித்தான் சமாளிக்கறாங்களோ" என்று சிரித்தபடி அவள் கேபிளைச் செருகினாள்.

போனின் முகம் கறுத்தது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு போல ஊர்ந்தது. முதலில் எல்லாம் அழியும், பிறகு பழையது ஏறும் என்றாள். சர்வேயர் ஸ்டூலில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்தார். பாதி தாண்டியது. அழிந்துவிட்டது என்று அவள் சொன்னாள். இப்போது அதற்குள் குரலும் இல்லை, பெயரும் இல்லை, ஒன்றுமே இல்லை. வெறும் கண்ணாடியும் தகடும்தான்.

சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டது.

"எட்டு கிலோமீட்டர்" என்றது அந்தக் கண்ணாடி.

அவர் கடைப் பெண்ணைப் பார்த்தார். அவள் காதைச் சாய்த்து, முகம் சுளித்தாள். "ஸ்பீக்கர் கரகரங்குது பாருங்க. தண்ணியில போட்டீங்களா ஐயா?"

"இல்லையே."

"உள்ள ஈரம் காட்டுதே." கேபிள் செருகிய துளையைப் பஞ்சால் துடைத்து வெளிச்சத்தில் காட்டினாள். பஞ்சு பச்சையாக இருந்தது. பாசியின் வாடை அடித்தது.

ஆறு மணிக்கு வீடு வந்து சேர்ந்தார். போன் பழைய நிறத்தில், பழைய எழுத்துகளோடு, பிறந்த குழந்தை போல எதுவும் தெரியாமல் இருந்தது. வருகை அறிவிப்பு இல்லை. பட்டியலில் ஒருவரும் இல்லை. அதைக் கூடத்து மேசையில் அவரே வைத்தார். காலையிலிருந்து முதல்முறையாக நெஞ்சு லேசானது. அழித்துவிட்டதற்காக ஓரிடத்தில் வலிக்கவும் செய்தது. அதையும் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக் கழுவிவிடலாம் என்று குளிக்கப் போனார்.

வெளியே வந்தபோது கூடத்தில் விளக்கு போடவில்லை. ஜன்னல் வழியே மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தில் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போன் அவள் மடியில் இருந்தது. அதன் ஒளி அவள் முகவாயை மட்டும் காட்டியது.

"தேதி தப்பா காட்டுதேன்னு எடுத்தேன்" என்றாள். "பதினோரு மாசம் பின்னால காட்டுது."

"துடைச்சு ஏத்தினது. அப்படித்தான் காட்டும்."

"இதுல ஒண்ணு இருக்கு."

அவள் விரலால் தொட்டாள். காற்று. லாரி ஹாரன். "வரேன்ப்பா."

ஈரத் துண்டிலிருந்து அவர் காலில் ஒரு சொட்டு விழுந்தது.

"உங்ககிட்ட வரேன்னு சொல்லியிருக்கா."

"கிளம்பறப்ப எல்லாரும் சொல்றதுதானே அது. போறதைத்தான் வரேன்னு…"

"அந்த வார்த்தையத்தான் அவ வாயிலிருந்து பிடுங்கிட்டீங்களே." மனைவி குரலை உயர்த்தவில்லை. "ஜன்னலுக்குப் பின்னால நானும்தான் நின்னுட்டிருந்தேன்."

அவர் நிமிர்ந்தே நின்றார். குனியத் தெரியாத முதுகு.

"கீழ நீங்க பதில் போட்டிருக்கீங்க" என்றாள். "ஒரே வார்த்தை. வேண்டாம். அஞ்சு பதினாலு. அவ படிச்சது அஞ்சு பதினஞ்சு."

அந்தப் பதில் அன்றே அழித்தது. அன்றே, அந்த நிமிஷமே, தன் கையால் அழித்தது.

"அஞ்சேகாலுக்குத்தானே வண்டி விழுந்துச்சுன்னு போலீஸ்காரர் சொன்னார்?"

அவரிடம் கணக்கு மட்டும் இருந்தது. காலை எட்டு. நாற்பத்திரண்டு. நடக்கிற வேகம். ஏழு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு முடியும்.

கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு பத்து.

"விளக்கைப் போடு" என்றார். "கேட்டைப் பூட்டணும்."

"எதுக்கு?"

"சொல்றதைக் கேளு."

மனைவி எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். முப்பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது ஒருநாளும் சொல்லாத ஒன்றை, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் போறேன்."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். அவரால் நகர முடியவில்லை. நாள் முழுக்கச் சுட்ட மண்ணின் வெக்கை உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு வாடையும் வந்தது. கலங்கிய தண்ணீர். பாசி.

தெரு நாய்கள் ஒன்றும் குரைக்கவில்லை.

இரும்புத் தகடு அடித்த கேட் ஆளுயரம். அதன்முன் மனைவியின் முதுகு. வெளியே யார் என்று தெரியவில்லை. அவள் பேசுவது கேட்டது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையிடம் பேசுகிற குரல்.

"இவ்ளோ தூரமுமா நடந்து வந்தே? ஐயோ, என் கண்ணே."

மனைவி கேட்டோடு காதைச் சேர்த்து நின்றாள். யாரோ மெல்ல எதையோ சொல்லி முடிக்கும் அளவு.

மனைவி திரும்பினாள். முகம் நனைந்திருந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு அந்த முகம் மலர்ந்திருந்தது.

"உங்களைத்தாங்க கேக்கறா. வரட்டுமான்னு."

வரட்டுமா. உள்ளே வரட்டுமா? விடைபெறட்டுமா? அவர் வாய் திறந்தது. எந்தச் சொல்லைச் சொன்னால் எது நடக்கும்? ஒரு சொல். ஒரே ஒரு சொல்.

"பதில் சொல்லுங்க. அவளால ரொம்ப நேரம் நிக்க முடியல."

வரவில்லை. எந்தச் சொல்லும் வரவில்லை.

கேட்டின் மேல் விளிம்பைத் தாண்டி, தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டு, ஒரு கை உள்பக்கமாக இறங்கியது. வெளுத்து ஊறிய கை. நகங்களுக்கடியில் பச்சை. மனைவி அதைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டாள். விரல்கள் அவள் கன்னத்தை வருடின. ஐந்தும் பின்பக்கமாக மடங்கி, மெல்ல, வெகு மெல்ல.