முதலில் தோன்றிய இடம்

நினைவுத்தொட்டி தொண்ணூற்றேழு விழுக்காடு நிரம்பிவிட்டதென்று திரை சிவந்தபோது கட்டுப்பாட்டு அறையில் தலைமைப் பொறியாளர் செங்கமலம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடல்மேல் நகரத்தின் நாற்பதாயிரம் பேரும் நினைவுகளை அந்த ஒரே தொட்டியில்தான் வைத்திருந்தார்கள். அது வழிந்தால் அத்தனை பேரும் மயங்கி விழுவார்கள். விழாமல் காப்பது மீட்பி. நெடுநாளாக யாரும் எண்ணிப் பார்க்காத நினைவுகளைத் துடைத்து இடம் மீட்கும் இயந்திரம்.

ஒவ்வொரு வீடும் அலுவலகமும் ஒரு கூட்டகம். ஒரு நினைவு எந்தக் கூட்டகத்தில் முதலில் தோன்றியதோ, அதன் பெயரில்தான் பதிவாகும். காப்பு வரம்பு போட்ட கூட்டகத்தை மீட்பி தொடாது. செங்கமலம் போன வாரம் தன் வீட்டுக்கு முழுக் காப்பு போட்டுக்கொண்டாள். யாரிடமும் கேட்காமல் போட்டது, திருட்டுத்தனம்தான். காய்ச்சலில் போன மகள் நறுமுகை கடைசியாகப் பேசிய பேச்சு பத்திரமாக இருக்க வேண்டுமே! நினைத்தால் நெஞ்சு தாங்காதென்று இரண்டு வருடமாக அவள் அந்த நினைவின் பக்கமே போகவில்லை.

"அக்கா, ஊர்ல எல்லாருமே காப்பு வாங்கி வச்சிருக்காங்க. மீட்பியை எதைத் தொடச் சொல்றது?" என்றான் உதவிப் பொறியாளர் இருதயராஜ்.

"போடாதவங்க ஒருத்தருமா இல்ல?"

"நம்ம கட்டுப்பாட்டு அறை மட்டும்தான்."

ஊருக்கெல்லாம் காப்பு போட்டவர்கள் தங்கள் அறையை மறந்திருந்தார்கள். திரை தொண்ணூற்றொன்பதைத் தொட்டது.

"வேலை நெனப்புதானே, போனாப் போகுது. தட்டு!"

தட்டினான். எண் மளமளவென்று இறங்கியது. செங்கமலம் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். துடைத்தவற்றின் பட்டியலைப் படித்த இருதயராஜ் வெளிறிப்போனான்.

"அக்கா, இதுல இந்த அறைக்கு வந்த ஒரு போன் இருக்கு. ரெண்டு வருசம் முந்தி, உங்க வீட்டுலேருந்து, நாப்பது வினாடி. குழந்தை பேசுனதுன்னு போட்டிருக்கு."

மகள் பேசினாள் என்று மட்டும், அந்த நேரத்தில் மருந்து வாங்க வெளியே போயிருந்த கணவனிடம் அன்று வீட்டுக்குப் போய்ச் சொல்லி அழுதது அவளுக்கு நினைவிருந்தது. என்ன பேசினாள்? முதல்முறையாகத் துணிந்து தேடினாள். ஒன்றுமே கிடைக்கவில்லை.

"நீ அன்னைக்கு இங்கதானடா இருந்த? ஒலிபெருக்கியில கேட்டேல்ல? எம்பொண்ணு என்ன சொன்னா?"

"நான் கேட்டதும் இதே கூட்டகத்துலதானேக்கா, எனக்கும் போயிருச்சு" என்றான் அவன், தலை குனிந்து.

'அம்மா, கஞ்சி முழுசும் குடிச்சிட்டேன், சீக்கிரம் வா' என்றுதான் நறுமுகை சொல்லியிருந்தாள். அதைச் சொல்ல அந்த நகரத்தில் இப்போது யாருமில்லை.