மூன்றாம் தூண்

கேள்வி பின்பக்கமிருந்து வந்தது. யூலியானாவை முதலில் உறுத்தியது அதுதான்.

காலை ஏழு மணி. பாலத்துக்கு அடியில், கரையோரமாக வைத்திருந்த கன்டெய்னர் அலுவலகத்தின் முன்னால், மேஸ்திரியோடு சேர்த்து ஏழு ஆட்கள் அவளைப் பார்த்தபடி வரிசையாக நின்றிருந்தார்கள். பக்கத்தில் எஞ்சினியர் கெங். அவருக்குச் சீன மொழி மட்டும்தான் தெரியும். லொம்போக் தீவிலிருந்து வந்த ஆட்களுக்கு அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அவர் பேசுவதை அவர்களுக்கும் அவர்கள் பேசுவதை அவருக்கும் சொல்வதுதான் யூலியானாவின் வேலை. சிங்கவாங் ஊரில் பிறந்த சீனப் பெண். இரண்டு பக்கத்து மொழியும் நாக்கில் புரளும். காட்டுத்தீயின் புகை பதினோரு நாளாகக் கலிமந்தான் தீவின் மேல் கவிழ்ந்து கிடந்தது. சூரியன் இருக்கும் இடத்தில் ஆறிப்போன தேநீரின் நிறம் மட்டும் தெரிந்தது. தொண்டையில் கரி, கண்ணில் எரிச்சல், மூக்கில் ஈரச் சேற்றின் வாடை. எதிரே நின்றவர்களில் கடைசி இரண்டு பேரின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

அன்றைய பேச்சு ஊதலைப் பற்றியது. காவல்படகு மூன்று தடவை நீளமாக ஊதினால் தூணைச் சுற்றிக் கட்டிய சாரத்தை விட்டு உடனே மேலே ஏறிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் புகையில் போகிற வருகிற படகெல்லாம் ஊதிக்கொண்டே போனது. நேற்று மட்டும் ஆட்கள் நான்கு தடவை ஏறி இறங்கினார்கள், வேலை ஒரு முழம்கூட நகரவில்லை. கெங் குதித்தார். இனிமேல் ஊதல் கேட்டாலும், ரேடியோவில் யூலியானா சொன்ன பிறகே ஏற வேண்டும் என்றார். அவள் அதை நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை சொன்னாள். ஏழு பேரும் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் அவள் முதுகுக்குப் பின்னால், தண்ணீர்ப் பக்கமிருந்து, யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"என்னக்கா சொன்னாரு?"

அவள் திரும்பினாள். புகை. அதற்குள் எங்கேயோ கரையை நக்கும் தண்ணீரின் சத்தம்.

"பின்னாடி யாரு நிக்கிறா?" என்று மேஸ்திரி மர்ஜூனியிடம் கேட்டாள்.

"யாரும் இல்லையேம்மா. எல்லாரும் இங்கதான இருக்கோம்." ஐம்பதைத் தாண்டிய மனிதர் அவர். ஆட்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். "புகை மண்டைக்குள்ள போயிருச்சா? எனக்கும் நேத்து எம்பொண்டாட்டி திட்டுற மாதிரியே கேட்டுது. அவ ஊர்ல இருக்கா."

ஆட்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அந்தக் குரல் மூக்கடைத்த குரல். அப்படி ஒரு குரல் இந்த ஏழு பேரில் யாருக்கும் கிடையாது. அது யாருடைய குரல் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நாற்பது நாளுக்கு முன்னால் இதே மூன்றாம் தூணில் வேறு ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். அவர்களும் மர்ஜூனி ஊரில் திரட்டிக் கொண்டுவந்த ஆட்கள்தான். நிலக்கரி ஏற்றிய கப்பல்களுக்குச் சொந்தமாக எஞ்சின் கிடையாது. இழுவைப் படகு கயிறு கட்டி இழுத்துப் போகும். கயிறு அறுந்தால் மகாகம் ஆறு எங்கே தள்ளுகிறதோ அங்கே போகும். அப்படி வந்து பாலத்தில் முட்டுவது அந்த ஊருக்குப் புதிதில்லை, அதனால்தான் தூண்களுக்குக் காப்புக் கட்டை கட்டும் வேலையே நடந்தது. அன்று காலை கெங் முதல்முறையாக அந்த ஊதல் விதியைச் சொன்னார். ஆனால் எப்படிச் சொன்னார்? எருமைகளே, சோம்பேறிகளே என்று கால் மணி நேரம் வசைமாரி பொழிந்து, அதன் நடுவில் சொன்னார். அவருடைய வசவை எல்லாம் வடிகட்டி எறிந்துவிட்டு, தேவையானதை மட்டும் சொல்வது யூலியானாவின் பழக்கம். மொழிபெயர்க்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான், இல்லாவிட்டால் எந்த வேலையிடத்திலும் தினம் ஒரு கைகலப்பு நடக்கும். அன்று அவளுக்குப் பல்வலி. தாடை வீங்கி, வாயைத் திறந்தாலே உயிர் போனது. ஊதல் விஷயம் அவள் காதில் விழாமல் இல்லை. மத்தியானச் சாப்பாட்டில் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"என்னக்கா சொன்னாரு?" என்று சஹ்னான் கேட்டான். ஒவ்வொரு நாளும் முதலில் கேட்பவன் அவன்தான்.

"ஒண்ணுமில்லடா. வழக்கமான பாட்டுதான். போய் வேலையப் பாருங்க."

பதினொரு மணிக்குக் கயிறு அறுந்த ஒரு கப்பல் வந்தது. காவல்படகு மூன்று தடவை ஊதியது. ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து போல்ட்டை முடுக்கினார்கள்.

மூன்று உடல்கள் கிடைத்தன. இரண்டு இன்னும் ஆற்றில்தான். விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: விதியைச் சொன்னீர்களா? கெங் சொன்னேன் என்றார். அது உண்மை. யூலியானாவும் சொன்னேன் என்றாள். காலைப் பேச்சைக் கேட்டதாக ஐந்து பேரும் போட்ட கையெழுத்து தாளில் இருந்தது. தொழிலாளர்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று எழுதி முடித்துவிட்டுப் போனார்கள். அந்த வெட்கத்தில் மர்ஜூனி அவளிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்ட மன்னிப்பை ஏற்றுக்கொண்டவள் அவள்.

பின்னாலிருந்து குரல் கேட்ட அன்றைய மத்தியானம், சாப்பாட்டுக் கொட்டகையில் மர்ஜூனி அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, சோற்றின் மேல் மிளகாய்ச் சம்பலைத் தள்ளி வைத்துக்கொண்டார். புதிய ஆட்களில் ஒருவனான ஹமிதி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டான். சஹ்னானின் தம்பி.

"இவன வேண்டாம்னுதாம்மா சொன்னேன்," என்றார் மர்ஜூனி குரலைத் தாழ்த்தி. "கேக்க மாட்டேன்னுட்டான். அண்ணன் பேரக் கெடுத்துட்டான், நான் போய் ஒழுங்கா வேலை பார்த்துக் காட்டுறேங்கிறான். ஊர்ல அப்படித்தான் பேச்சு. சொல்பேச்சு கேக்காமச் செத்தவன்னு. அவன் பொண்டாட்டிகிட்ட நானே என் வாயால அப்படித்தான் சொன்னேன்."

யூலியானா சோற்றைப் பிசைந்தாள். சொல்லிவிடலாம். நான்கு வார்த்தை போதும். நான் அவங்களுக்குச் சொல்லவே இல்ல. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும், இந்த மனிதர் இனி வேறு கண்ணால் அவளைப் பார்ப்பார். அவள் சோற்றை விழுங்கினாள்.

"சாப்பிடுங்க, ஆறிடும்," என்றாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு மணிக்கு அலுவலகத்தில் மேசை மேலிருந்த ரேடியோ கரகரத்தது. புகை இன்னும் தடித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே கைப்பிடிக் கம்பியும் அதற்கப்பால் ஒன்றுமில்லாத வெண்மையும். ஏசி உள்ளே இழுத்த காற்றிலும் கரி வாடை, அதற்கடியில் சேறு, அதற்கடியில் சாரத்து ஆட்கள் பிடிக்கிற கிராம்பு சிகரெட். கெங் வரைபடத்தின் மேல் குனிந்திருந்தார்.

"என்னக்கா சொன்னாரு?" என்றது ரேடியோ.

அவள் நகரவில்லை.

"என்னக்கா சொன்னாரு?" இது வேறு குரல். கொஞ்சம் வயதான குரல்.

"சார்," என்றாள். "உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எது?"

"ரேடியோல. இப்ப."

"காலைலேர்ந்து அதே ராகத்துல எவனோ இழுத்துட்டு இருக்கான்." கெங் நிமிரவில்லை. "எனக்கு என்ன புரியும்? உன்னத்தான் கேக்குறான் போல. பதில் சொல்லித் தொலையேன்."

ஆக, அது அவள் மண்டைக்குள் இல்லை. அப்படி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரேடியோவின் பொத்தானை அழுத்தினாள். "மர்ஜூனி அண்ணே, உங்க ஆளுங்க யாராவது ரேடியோல பேசினீங்களா?"

பதில் வர நேரமானது. "இல்லையேம்மா. ஈரம் படக்கூடாதுன்னு பிளாஸ்டிக்ல சுத்தி மாட்டி வெச்சிருக்கோம். ஊதினாத்தான் எடுப்போம். என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல," என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளைக் குத்தியது.

மூன்றரைக்குக் காவல்படகிலிருந்து கெங்கின் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. அவர் புரியாமல் அவளிடம் நீட்டினார். ஆற்றின் மேல்புறம், வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு கப்பலின் கயிறு அறுந்துவிட்டது. இழுவைப் படகால் பிடிக்க முடியவில்லை. பத்து நிமிடம், அதற்குள்ளாகவும் வரலாம்.

அவள் கெங்கிடம் சொன்னாள். கெங் வரைபடத்தை விட்டு எழுந்தார். "ஏறச் சொல்லு. உடனே ஏறச் சொல்லு."

வெளியே ஊதல் எழுந்தது. நீளமாக ஒன்று. புகை அதை எல்லாத் திசையிலும் இழுத்தது. இரண்டு. மூன்று.

பொத்தானை அழுத்தினாள். "ஏறுங்க. மர்ஜூனி அண்ணே, எல்லாரும் ஏறுங்க."

"என்னக்கா சொன்னாரு?"

"ஏறுங்கன்னு சொன்னேன், மேல ஏறுங்க."

"என்னக்கா சொன்னாரு?" "என்னக்கா?" "என்ன சொன்னாரு?" ஐந்து குரலும் ஒன்றன் மேல் ஒன்று. அதட்டல் இல்லை, கோபம் இல்லை. வேலைக்குப் போகும் முன் கேட்டுக்கொள்கிற ஆட்களின் பணிவு மட்டும். அந்தக் குரல்களுக்கு அடியில், வெகு தூரத்தில், மர்ஜூனி. "ஊதுதும்மா... ஏறட்டுமா?... ஒண்ணும் கேக்கல..."

அவள் ஓடினாள்.

கரையிலிருந்து இரும்புப் படிக்கட்டு. அதன் முடிவில், பாலத்தின் வயிற்றை ஒட்டிப் போகும் குறுகலான நடைபாதை. தகடு செருப்புக்கு அடியில் அதிர்ந்தது. முதல் தூண். மூச்சு வாங்கினால் புகை. இருமல். இரண்டாம் தூண். இடது பக்கம், புகைக்குள், சங்கிலி உரசும் சத்தம். எஞ்சின் சத்தம் இல்லை. அவ்வளவு பெரிய கப்பல் அந்தச் சங்கிலிச் சத்தம் மட்டுமாக வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் தூண்.

நடைபாதையிலிருந்து சாரத்துக்கு ஓர் ஏணி. ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் ஏற முடியும். கீழே மஞ்சள் தொப்பிகள் தெரிந்தன, ஏழும். அவர்கள் ஏணியைப் பார்க்கவில்லை. மர்ஜூனியின் கையிலிருந்த ரேடியோவைச் சுற்றிக் கூடி, அவள் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அவள் கத்தினாள். புகையும் சங்கிலிச் சத்தமும் குரலை விழுங்கின. வேறு வழியில்லை. திரும்பி நின்று, கம்பியைப் பிடித்து, இறங்கினாள். ஐந்து படி. பத்து. அங்கே நின்று, ஒரு கையால் தொங்கியபடி, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டினாள்.

"மூணு தடவை நீளமா ஊதினா, கைல இருக்கறத அப்படியே போட்டுட்டு மேல ஏறணும். உடனே ஏறணும். யாரையும் கேக்கக் கூடாது."

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது. ஒரு வார்த்தை விடாமல்.

"சரிக்கா."

பதில் சாரத்திலிருந்து வரவில்லை. சாரத்துக்கும் கீழே, தண்ணீரிலிருந்து வந்தது. ஐந்து குரல், ஒரே சமயத்தில்.

மர்ஜூனியும் கேட்டிருக்க வேண்டும், நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "டேய், போடுங்கடா எல்லாத்தையும். ஏணி, ஏணி." ஏழு பேரும் ஓடி வந்தார்கள். முதலில் வந்த ஹமிதி அடிப்படியில் கை வைத்தான். உடனே எடுத்துக்கொண்டான்.

"ஏண்டா நிக்கிற?" என்றார் மர்ஜூனி. "ஏறு."

"ஏற முடியல," என்றான் அவன். அவனை ஏதோ ஒன்று, முரட்டுத்தனமில்லாமல், பக்கவாட்டில் ஒதுக்கியது. ஏணி நடுங்கியது. கனமான ஒரு ஆள் ஏறும் நடுக்கம். பிறகு இன்னொரு ஆள். பிறகு இன்னொன்று. படிகளிலிருந்து தண்ணீர் வடிந்தது.

ஹமிதி ஏணியை அண்ணாந்து பார்த்தான். அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது.

"அண்ணே. வழி விடுண்ணே."

யூலியானா மேலே ஏறப் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த அவள் கையின் மேல் இன்னொரு கை வந்து படிந்தது. குளிர்ந்த, ஊறி வெளுத்த, கனத்த கை. பிடியை அது விடவில்லை. கீழிருந்து ஒரு முகம் மெதுவாக உயர்ந்து அவள் முகத்துக்கு நேராக வந்தது. வாயில் சேறு. சொன்னபடி செய்துவிட்டேன் என்பதுபோல் அது கூச்சத்தோடு சிரித்தது. அடுத்து என்ன என்று கேட்பதைப் போல அங்கேயே நின்றது. அதன் தோளுக்குக் கீழே இன்னும் நான்கு தலைகள். ஒருவர் பின் ஒருவராக, தள்ளாமல், முண்டாமல், அவசரமே இல்லாமல்.

இடது பக்கம் புகை கறுத்தது. கறுப்பு உயர்ந்தது. பாலம் அளவுக்கு உயர்ந்தது.

கீழே ஏழு பேரும் தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள்.