ரஞ்சிதத்தின் முட்டைப்பை

நிறைமதி இருபது கிலோ மணல்மூட்டையை மூன்றாம் முறையாகத் தரையில் போட்டாள். கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையை இடித்துத் திட்டினார். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த டாரன்டுலா சிலந்தி அசையவில்லை. பெட்டியின் விளக்கு பச்சையாகவே எரிந்தது. வீட்டில் எல்லாம் நலம் என்று அதற்குப் பொருள்.

நான்கு நாளுக்கு முன் அவளுடைய அப்பா அர்த்தனாரி இதே வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஐந்து மணி நேரம் ஈரத்தில் கிடந்தார். அப்போதும் விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. இன்னொரு முறை அப்படிக் கிடந்தால் பிழைக்க மாட்டார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

நாமக்கல்லின் அந்த அடுக்ககத்தில் அறுபது வீடுகள், அறுபதிலும் தனியாக வாழும் முதியவர்கள். கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர் நிறைமதி. தொடக்கத்தில் எல்லோருக்கும் கழுத்தில் மாட்டும் விழுகைப்பதக்கம் கொடுத்திருந்தார்கள். ஆள் விழுந்தால் அதுவே உதவிக்கு அழைக்கும். அது பழுதே வராத கருவி, யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் குறை. "நாங்க என்ன மாடா, மணி கட்ட?" என்று ஆணியில் தொங்கவிட்டார்கள்.

அதன்பிறகு வந்தது காவற்சிலந்தி. டாரன்டுலாவுக்குப் பார்வை மங்கல். உலகத்தை அது கால் மயிர்களால்தான் அறிகிறது. தரையில் கரப்பான் நடந்தால் முன்காலை நீட்டும். சட்டி விழுந்தால் ஒரு காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கும். மனித உடல் சரிந்தால், ஏதோ பெரிய விலங்கு வந்துவிட்டதென்று எட்டுக் காலையும் ஒடுக்கிக்கொள்ளும். பெட்டிக்கு அடியில் உள்ள அசைவுவாசிப்பான் அந்த ஒடுக்கத்தைப் பார்த்ததும் சிவப்பு விளக்கைப் போட்டு ஆளை அழைக்கும். பத்து நாளைக்கு ஒரு கரப்பான் கொடுத்தால் போதும்.

இப்போது அறுபது சிலந்திகளில் நாற்பத்தொன்று ஊமையாகிவிட்டன.

நிறைமதி பெட்டிக்குள் இருந்த மரப்பட்டையை நீக்கினாள். ரஞ்சிதம் (அப்பா வைத்த பெயர்) எலுமிச்சை அளவு வெள்ளை உருண்டை ஒன்றை எட்டுக் காலாலும் அணைத்துக் கிடந்தது. காரணம் விளங்கிவிட்டது. ஏற்கெனவே ஒடுங்கிய கால்கள் இனி ஒடுங்குவதற்கு இல்லை. வாசிப்பான் மாற்றத்தைத் தேடியது, மாற்றம் இல்லாததால் பச்சை காட்டியது.

"தொடாத கண்ணு, புள்ளத்தாச்சி அவ," என்றார் அர்த்தனாரி, இடுப்புக் கட்டோடு சோபாவில் சாய்ந்தபடி.

"ஆறு வருசமா ஒத்தையாப் பொட்டிக்குள்ள கெடக்குதுங்கப்பா. இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு ஆண் சிலந்திகூட வந்ததில்ல. அப்புறம் எப்படிங்கப்பா?"

"சாமி குடுத்தது."

நாற்பது வருடம் முட்டைக்கோழிப் பண்ணை நடத்தியவர் சொன்ன பதில் இது. சேவலின் நிழல்கூடப் படாத கோழிகளிடம் கோடிக்கணக்கில் முட்டை எடுத்தவர். அவற்றில் ஒன்றைக்கூட அடைவைத்துப் பொரிக்க முடியாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். அடுக்ககத்தில் பாதிப் பேர் இப்படிப் பண்ணை வைத்திருந்தவர்கள்தான். மற்ற பாதி தினமும் காலையில் அதே முட்டையை ஆம்லெட் போட்டுத் தின்பவர்கள்.

முட்டைகள் வந்த வழியும் எளிது. குடியிருப்போர் சங்கத் தலைவி வசந்தாமணி, அதிக எடையுள்ள சிலந்திக்குப் பரிசு என்று ஒரு போட்டி வைத்திருந்தாள். பத்து நாளைக்கு ஒரு கரப்பான் போய், நாளைக்கு இரண்டு ஆயிற்று. குளிருமே என்று சூட்டுவிளக்கும் வைத்தார்கள். முதிர்ந்த பெண் சிலந்திக்குக் கொழுப்பும் கதகதப்பும் கிடைத்தால், துணை வராமலே முட்டை இறங்கிவிடுவதுண்டு. அதைப் பட்டிழையால் சுற்றிப் பையாக்கிக் காக்கும். உள்ளே கரு இருக்காது.

இதையெல்லாம் நிறைமதி சங்கக் கூட்டத்தில் படம் போட்டுப் பொறுமையாக விளக்கினாள். வசந்தாமணி முழுவதையும் கேட்டாள்.

"ஏங்கண்ணு, நீ ஒண்ணு பெத்திருக்கியா?" என்றாள். "அவ எப்படிக் காத்துக்கிட்டிருக்கா பாரு. பெத்தவளுக்குத் தெரியாதது உன்ற மிசினுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்."

கைதட்டல் அடங்கியதும் வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். எட்டுக் காலுக்கு எட்டு வளையல் என்றால் இரட்டைப்படை ஆயிற்றே என்று அரைமணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில், கால் ஒன்றை இழந்திருந்த ஆறாம் மாடிச் சிலந்திதான் கொடுத்துவைத்தது என்று முடிவாயிற்று.

பையைக் கண்ட இருபத்திரண்டாம் நாள் ரஞ்சிதம் அதைக் கடித்துத் திறந்தது. உள்ளே திரிந்த பால் போன்ற கூழ்தான் இருந்தது. அதைத் தின்று தீர்த்துவிட்டு, நிறைமதி மூட்டையைப் போட்டதும் சட்டென்று கால்களை ஒடுக்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. கடுகளவு மூளைக்குப் புரிந்துவிட்டது.

அர்த்தனாரிக்குப் புரியவில்லை. போதிய தீனி இல்லாமல்தான் தாய் பிள்ளையைத் தின்றுவிட்டாள் என்று, நாளைக்கு மூன்று கரப்பான் போட ஆரம்பித்தார். செய்தி பரவி எல்லா வீட்டிலும் மூன்றாயிற்று. ஒன்றரை மாதத்தில் ரஞ்சிதம் இரண்டாவது பையைச் சுற்றியது. எது விழுந்தாலும் விளக்கு மறுபடி பச்சையாகவே நின்றது. அப்பா நாள் முழுவதும் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்று நிறைமதி மூட்டையைப் போட்டாள். அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தனை நாளும் தவறான பிராணியை ஆராய்ந்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வீடு வீடாகப் போய் முட்டைப்பைகளை எடுத்தாள். இவை பொரிக்க மனித உடம்பின் சூடு வேண்டும் என்று சொல்லி, ஆளுக்கொரு சின்னப் பொரிப்புப்பேழையைக் கையில் கொடுத்தாள். கண்ணாடி மூடி வழியாக வெள்ளையாய் ஓர் உருண்டை தெரிந்தது. முட்டை வராத வீடுகளும் கேட்டு வாங்கிக்கொண்டன. எந்த வீட்டுச் சிலந்திக்கும் இனி கரப்பான் போட யாருக்கும் நேரமில்லை. பத்து நாளைக்கு ஒன்று அவளே போட்டாள்.

"எத்தன நாள்ல பொரியும் கண்ணு?"

"சொல்ல முடியாதுங்கப்பா. கையில இருந்து எறக்கிறாதீங்க."

அடுத்த மாதம் அர்த்தனாரி குளியலறையில் மறுபடி விழுந்தார். இரண்டு கையும் பேழையை அணைத்திருந்ததால் தரையில் ஊன்றிக்கொள்ளவில்லை, தோளில் நல்ல அடி. நான்காவது நிமிடம் ஆட்கள் வந்து தூக்கினார்கள். பேழை உடையவில்லை என்பதில் அவருக்கு நிம்மதி.

அறுபது வீட்டிலும் இன்று அதே முறைதான். ஆணியில் தொங்கிய பதக்கத்தை எடுத்து, பஞ்சு சுற்றிப் பேழைக்குள் வைத்து, முட்டை என்று சொல்லிக் கையில் கொடுத்தால் போதும். யாரும் இறக்கி வைப்பதில்லை.