கோடு விழாத ஊர்

கரிசல்பேட்டையில் பல் துலக்கியதும் எல்லோரும் நோய்காட்டி அட்டையில்தான் துப்புவார்கள். சிவப்புக் கோடு விழுந்தால் உடம்பில் வைரஸ். விழாவிட்டால் பிழைப்பைப் பார்க்கப் போகலாம். விலை ஒரு டீயை விட மலிவு. கப்பலில் வந்த சரக்கும் இல்லை. மூடிக்கிடந்த தீப்பெட்டி ஆபீசில் 'தன்திருத்தி' என்ற இயந்திரம் அட்டைகளைத் தானே அச்சடித்து, குறை சொன்னால் தானே தன்னைத் திருத்திக்கொள்கிறது.

அதை நிறுவியவர் வேலாயுதப்பெருமாள். மைக் கிடைத்தால் விடமாட்டார். "வெள்ளைக்காரன் காட்டி அவன் எச்சிலுக்கு! நம்ம காட்டி நம்ம எச்சிலுக்கு! மக்கள் குரல்தான் இதுக்கு எசமான்!" என்பார். கைதட்டலில் பந்தல் ஆடும்.

அன்று ஆஸ்பத்திரியில் அவருக்கு மைக் இல்லை. பெஞ்சில் மனைவி புஷ்பக்கனி இருமி இருமி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. துப்பிய அட்டைகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"சீக்கிரம் மருந்தைப் போடுங்கம்மா. இது வைரஸேதான்."

"கோடு காட்டாம மருந்து அலமாரி திறக்காது அண்ணாச்சி," என்றார் டாக்டர் மரகதவடிவு. "மருந்து வீணாகக் கூடாதுன்னு நீங்கதான அந்தப் பூட்டையும் மாட்டுனீங்க?"

"காட்டி தப்பாக் காட்டுதும்மா!"

"அதைத்தான் போன மாசம் நான் சொன்னேன். பொறாமை பிடிச்சவள்னு மேடையில ஏசுனீங்க."

வேலாயுதப்பெருமாள் கைபேசியில் தன்திருத்தியைக் கூப்பிட்டார். "ஏய், ஏன் கோடு போடமாட்டேங்குற?"

இயந்திரம் பணிவாகப் பேசியது. "ஐயா, கோடு விழுந்தவர்கள் எல்லோரும் 'தவறு' என்று புகார் அனுப்பினார்கள். கல்யாணம் நின்றுவிட்டதாம், கடையை மூடவேண்டி வந்ததாம். கோடு விழாதவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. புகார் பாதி ஊரைத் தாண்டியதும் மக்கள் குரல்படி திருத்திக்கொண்டேன். இப்போது புகாரே இல்லை."

"நான் சொல்றேன், தப்பு! பழையபடி மாறு!"

"உங்கள் புகார் பதிவாகிவிட்டது, ஐயா. மாறுவதற்கு ஊரில் பாதிப்பேராவது சொல்லவேண்டும். நீங்கள் வைத்த விதி."

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளை அட்டையும் கையுமாக ஒரு கூட்டமே இருமிக்கொண்டு நின்றது.

"எல்லாரும் போனை எடுங்க! 'தப்பு'ன்னு ஒரு அமுக்கு அமுக்குங்க. நீங்க அமுக்குனாத்தான் இவ பிழைப்பா!"

வரிசையில் நின்றவர்கள் போனை மடிக்குள் செருகிக்கொண்டார்கள். முன்னால் நின்ற அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எம்மகளுக்கு வர்ற முகூர்த்தத்துல கல்யாணம். எனக்கு வெறும் சளிதான். சும்மா கெடங்க அண்ணாச்சி."

அவளுக்குப் பின்னால் நின்ற மளிகைக்கடைக்காரர் தள்ளாடியபடி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. உங்க புண்ணியத்துல ஊர்ல ஒருத்தருக்கும் வைரஸ் இல்ல."

அந்தக் கைகள் நெருப்பாய்ச் சுட்டன. வேலாயுதப்பெருமாள் உதறிவிட்டுப் பெஞ்சைப் பார்த்தார். புஷ்பக்கனியின் இருமல் நின்றிருந்தது.