மழை கேட்டது, குரல் கேட்கவில்லை

“என் தம்பி பொய் சொல்றான். அதை நீங்க நிரூபிக்கணும்.”

வாசல் மணியை அடித்துவிட்டு வந்த பெண் உட்காருவதற்கு முன்பே இப்படிச் சொன்னாள். செல்போன் செயலிகளில் யாருக்கும் பிடிபடாத கோளாறுகளைக் கண்டுபிடித்துத் தருவது அண்ணியின் தொழில். அவருக்கு உதவியாள், சொந்த நாத்தனார். அண்ணியும் நாத்தனாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் கூரை பறந்துவிடும் என்று சுற்றத்தார் எல்லோரும் ஆவலோடு காத்திருந்தார்கள். பாவம், ஆறு வருஷமாகக் காத்திருக்கிறார்கள்.

“முதல்ல தண்ணி குடிங்க. என்ன பொய்?” என்றார் அண்ணி.

“தப்பு தன்னோடதுன்னு சொல்றான்.”

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தப்பு தன்னுடையது இல்லை என்று புளுகுகிறவர்களைத்தான் அவள் இதுவரை பார்த்திருக்கிறாள்.

வந்தவள் தண்ணீரைக் குடித்துவிட்டு விவரம் சொன்னாள். பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் செயலி ஒன்றை அவர்கள் மூன்று பேராக நடத்துகிறார்கள். கணவர் முதலாளி. தம்பி நிரல் எழுதுகிறான். கதை சொல்லும் குரல் இவளுடையது. பதிவும் மெருகும்கூட இவளே. போன வாரம் புதுக் கதை ஒன்றைப் பள்ளிக்கூடத்து டேப்லெட்டில் போட்டார்களாம். கதைக்குப் பின்னணியில் பெய்ய வேண்டிய மழை நன்றாகப் பெய்தது. குரல் மட்டும் இல்லை. முப்பது பிள்ளைகள் கால் மணி நேரம் மழையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க மூணு பேர் போன்லயும் சரியாத்தான் பேசுது. ஆனா பள்ளிக்கூடத்துலேருந்து போன் வந்ததும் என் வீட்டுக்காரர் கொதிச்சுப்போய், ‘யார் தப்போ அவங்க வெளியே போகட்டும்’னு கத்திட்டார். மறுநாளே தம்பி இந்தக் கடிதாசை நீட்டிட்டான். இன்னிக்கு சாயங்காலம் கிளம்பறான். என்ன தப்புடான்னு கேட்டா வாயையே திறக்கல.”

கடிதம் மூன்றே வரி. ‘பிழை என்னுடையது. சரிசெய்துவிட்டேன். புதிய பதிப்பில் இடது பக்க ஒலி மட்டுமே ஒலிக்கும்.’

அண்ணி கடைசி வரியை இரண்டு முறை படித்தார். “புதுக் கதை போட்ட சமயத்துல அவர் ஏதாவது மாத்தினாரா?”

“ஒலியை ஓட்டற பகுதியைப் புதுசா எழுதினான். அதனாலதான் இவரும் நம்பிட்டார்.”

“நீங்க?”

“நான் என்னத்தை மாத்தினேன்! குரலுக்குக் கொஞ்சம் மெருகு போட்டேன், அவ்வளவுதான். முன்னெல்லாம் நடுமண்டைக்குள்ள கேக்கும். இப்போ தலையைச் சுத்தி வரும், கேட்டுப் பாருங்க!” என்று பெருமையோடு தன் ஹெட்போனை நீட்டினாள். குரல் நிஜமாகவே தலையைச் சுற்றி வந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கதையை முழுசாகக் கேட்டார். அருமையான குரல்.

“அண்ணி, டேப்லெட்டோட ஸ்பீக்கர் போயிருக்கும்,” என்றாள் நாத்தனார்.

“ஸ்பீக்கர் போனா மழை எப்படிம்மா பெய்யும்?”

“அப்போ தம்பியேதான்! மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?”

“கனம் இருக்கு. யாரோட கனம்னு போய்ப் பார்ப்போம், வா.”

அக்காக்காரி கூட்டிக்கொண்டு போன அவர்களுடைய அலுவலகம் ஒரே ஓர் அறை. மூன்று மேசைகள். சுவரில் முதலாளியின் கையெழுத்தில் ஓர் அறிவிப்பு: ‘ஹெட்போன் இல்லாமல் யாரும் சத்தம் எழுப்பக் கூடாது.’ நாள் முழுக்க மூன்று பேரும் மூன்று விதமான ஒலியோடு மல்லுக்கட்டும் இடத்தில் இந்தச் சட்டம் இல்லையென்றால் ஒரே வாரத்தில் பைத்தியம் பிடித்துவிடும். தம்பி இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தான். ஒயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் வைத்தான். முதலாளி ஜன்னலோரம் நின்றார். கத்திய வாயை எப்படி மூடுவது என்று தெரியாத முகம்.

“உன் போனைக் குடு,” என்று நாத்தனாரிடம் கை நீட்டினார் அண்ணி. பழைய மலிவான போன். அடியில் ஒற்றை ஸ்பீக்கர். அதில் பள்ளிக்கூடத்துக்குப் போன அதே பழைய பதிப்பில் கதையை ஏற்றி, ஹெட்போனைச் செருகி முதலாளியின் காதில் மாட்டினார்.

“பேசுதா?”

“நல்லாவே பேசுது.”

அண்ணி ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஓட்டினார். அறை முழுக்க மழை பெய்தது. குரல் இல்லை. முதலாளி திடுக்கிட்டார், அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள், நாத்தனார் “ஐயோ!” என்றே கத்திவிட்டாள். தம்பி மட்டும் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“பாத்தீங்களா, இவர் மட்டும் அசையல. முன்னாடியே தெரியும்,” என்றார் அண்ணி. “ஹெட்போன்ல இடது ஒலி இடது காதுக்கு, வலது ஒலி வலது காதுக்கு. ரெண்டும் சந்திக்கறதே இல்ல. இந்த போன்லயும் பள்ளிக்கூடத்து டேப்லெட்லயும் இருக்கற ஒத்தை ஸ்பீக்கர்ல ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்தாகணும். ஒரே கதவை ஒருத்தர் உள்ளேயிருந்தும் ஒருத்தர் வெளியேயிருந்தும் சமமாத் தள்ளினா கதவு அசையுமா? குரல்ல ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர், அப்படித்தான் அழிஞ்சுபோச்சு. மழையில ரெண்டு பக்கமும் வேற வேற துளி, அதனால அது தப்பிச்சுது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மூணு பேரும் ஹெட்போன்லயே கேட்டதால உங்க யாருக்கும் தெரியல.”

“அப்போ நிரல்ல என்ன தப்பு?” என்றார் முதலாளி.

“ஒண்ணுமில்ல. தன் நிரல்ல தப்பு இருந்தா, மாத்தினதைத் திரும்ப மாத்தியிருப்பார். இவரு அதைத் தொடவே இல்ல. இடது பக்கம் மட்டும் போதும்னு பாதி ஒலியைத் தூக்கி எறிஞ்சார். பதிவிலேயே ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு அழிக்குதுன்னு தெரிஞ்சவங்கதான் அப்படிப் பண்ணுவாங்க.” அண்ணி அக்காவின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். “மெருகு போடும்போது ஒரு பக்கத்தைத் தலைகீழாத் திருப்பினீங்களாம்மா?”

அக்காவின் முகம் வெளிறியது. “ஒரு பொத்தான் இருந்துது. அழுத்தினேன். கேக்க நல்லா இருந்துது.”

அக்கா எழுந்து தன் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

“எங்கே கிளம்பற?” என்று பதறினார் முதலாளி.

“யார் தப்போ அவங்க வெளியேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அடி, அது கோவத்துல சொன்னது! உன்னை அனுப்பிட்டு நான் என்ன பண்றது? மாப்ளே, நீயாவது சொல்லுப்பா!”

“அக்கா, உக்காரு,” என்றான் தம்பி. அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“நீ வாயைத் திறக்காதே! ஏண்டா எங்கிட்ட சொல்லல?”

“அந்தக் கதையைப் பதினேழு தடவை பேசினே. தொண்டை கட்டி ரெண்டு நாள் சைகையிலயே பேசிட்டிருந்தே. குரல் நல்லா வந்திருக்குடான்னு அன்னிக்கு நீ எங்கிட்ட காட்டின முகம் இருக்கே... அதுல போய்த் தப்பு சொல்ல எனக்கு மனசு வரல. நான் வேற வேலை தேடிப்பேன்.”

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. எட்டி அவன் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

“பெரிய தியாகி! நீ போயிட்டா நாள் முழுக்க நான் யாரோடடா சண்டை போடுவேன்?”

தம்பி தலையைத் தடவிக்கொண்டான். பிறகு பையை மேசைமேல் கவிழ்த்தான்.

“சரி, முதல்ல அந்தப் பொத்தானைத் திருப்பி அழுத்து. ஏதாவது தொடணும்னா என்னைக் கேக்கணும்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“உன்னைக் கேக்கணுமா? நீ எனக்கு அண்ணனா?”

அண்ணி நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தார். படி இறங்கித் தெருவுக்கு வரும்வரை சண்டை தெளிவாகக் கேட்டது.